முதலில் ஈஎஸ்ஐ, பிறகு பாலிசி: தோல் தொழிலில் ஓய்வு பெறுவோருக்கு ஒரு வழிகாட்டி

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை எனப் பாலாற்றுப் படுகையில் உள்ள தோல் தொழிற்சாலைகளிலும் ஷூ கம்பெனிகளிலும் 58 வயது முடிந்து வெளியே வருபவரின் கையில், வாழ்நாளில் முதல் முறையாக ஒரு பெரிய தொகை சேர்கிறது. பிஎஃப், பணிக்கொடை இரண்டும் வங்கிக் கணக்கில் விழுந்த கையோடு மருத்துவக் காப்பீட்டு ஏஜென்ட்டும் வந்துவிடுகிறார். “கம்பெனி பாதுகாப்பு போய்விட்டது, வயதும் ஏறிவிட்டது, இப்போது எடுக்காவிட்டால் எப்போது?” என்ற கேள்வி யாரையும் அசைத்துவிடும். அந்த அவசரத்தில் பலர் எந்தக் கம்பெனி பாலிசி நல்லது என்பதிலிருந்தே யோசிக்கத் தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் வேறு. தனியார் பாலிசி இவர்களுக்குத் துணைக் காப்பீடு மட்டுமே. ஏற்கெனவே கையில் இருக்கும் உரிமைகள் எதைத் தாங்கும், எங்கே கைவிடும் என்று கணக்கிட்ட பிறகுதான், விடுபட்ட இடத்துக்கு ஏற்ற பாலிசியைத் தேட முடியும்.

கையில் இருப்பவற்றில் முதலாவது ஈஎஸ்ஐ எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீடு. வேலை முடிந்ததும் அதுவும் முடிந்துவிட்டது என்று பெரும்பாலோர் நினைத்துக்கொள்கிறார்கள். ஈஎஸ்ஐ மத்திய விதிகளின் 61ஆம் விதி அப்படிச் சொல்லவில்லை. குறைந்தது 5 ஆண்டுகள் ஈஎஸ்ஐ காப்பீட்டில் இருந்து, ஓய்வு வயதை அடைந்தோ விருப்ப ஓய்விலோ வெளியேறியவர், மாதம் 10 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 120 ரூபாயை முன்கூட்டியே கட்டினால், தனக்கும் கணவன் அல்லது மனைவிக்கும் மருத்துவ வசதியைத் தொடர்ந்து பெறலாம். இங்கே வயது வரம்பு கிடையாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா ஏற்கெனவே இருந்தாலும் காத்திருக்கச் சொல்வதில்லை. காப்பீடு பெற்றவர் இறந்த பிறகும் துணைவர் தொகையைக் கட்டித் தொடரலாம். கடைசி ஆண்டுகளில் சம்பளம் 21,000 ரூபாய் வரம்பைத் தாண்டியதால் ஈஎஸ்ஐயிலிருந்து விடுபட்ட சூப்பர்வைசர்களுக்கும் வழி முழுதாக அடைபடவில்லை. அவர்களில் ஒரு பகுதியினருக்கு இந்த வசதியைத் தளர்த்தித் தர 2024 பிப்ரவரியில் ஈஎஸ்ஐ கழகம் முடிவெடுத்தது. தாங்கள் அதில் வருகிறோமா என்று கிளை அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும்.

“ஈஎஸ்ஐயில் கூட்டம், மருந்து சரியாகக் கிடைக்காது, பெரிய ஆபரேஷன் என்றால் அலைய வேண்டும்” என்று இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் நியாயம் உண்டு. ஆனால் முதுமையின் மருத்துவச் செலவு எங்கே போகிறது என்று பார்த்தால், பல வீடுகளில் பணத்தை மெல்ல மெல்லக் கரைப்பது மாதாமாதம் வாங்கும் மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும்தான். பெரும்பாலான தனியார் பாலிசிகள் மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் பணம் தரும். இந்த மாதாந்தரச் செலவை அவை தொடுவதே இல்லை. தோல் பதனிடுதலில் ரசாயனங்களோடு பல ஆண்டு உழன்றவருக்கு வரும் தோல் அரிப்பும் மூச்சுத் திணறலும் பெரும்பாலும் புறநோயாளிச் சிகிச்சையில் நீளும் நோய்கள். அதைத் தாங்கும் ஏற்பாடு ஈஎஸ்ஐதான். 120 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒன்றைச் சேவை சுமார் என்பதற்காகக் கைவிட்டால் மிச்சமாவது எதுவுமில்லை. தனியார் பாலிசி எடுப்பவரும் இதை வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2012இல் தொடங்கி, 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைக்கப்பட்ட இத்திட்டம், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் ஆதாரும் இருந்தால் மாவட்ட ஆட்சியர் அலுவலக மையத்தில் பதிவு செய்யலாம். வேலையில் இருந்தபோது வரம்புக்கு மேல் இருந்த குடும்பம், ஓய்வுக்குப் பின் வரம்புக்குள் வந்திருக்கக்கூடும். 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமானம் பாராமல் 5 லட்சம் ரூபாய் தரும் வய வந்தனா அட்டையை மத்திய அரசு 2024 அக்டோபரில் அறிமுகப்படுத்தியது. அதன் பதிவு நிலவரத்தையும் அங்கேயே கேட்கலாம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என 2019இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டதால், ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் செல்ல வேண்டியது திருப்பத்தூர் ஆட்சியர் அலுவலகம். இத்திட்டத்திலும் இடைவெளி உண்டு: பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, பட்டியலில் உள்ள மருத்துவமனையில்தான் அது செல்லும்.

ஆக, இடைவெளி எங்கே இருக்கிறது? நாம் விரும்பும் மருத்துவமனையில், விரும்பும் நேரத்தில் சேர்வதில் இருக்கிறது. இப்பகுதி மக்கள் பெரிய நோய் என்றதும் வேலூர் சிஎம்சி மருத்துவமனையை நினைக்கிறார்கள். இப்போது ராணிப்பேட்டையிலும் அதன் வளாகம் இயங்குகிறது. எனவே தனியார் பாலிசியைப் பரிசீலிக்கும்போது, சிஎம்சியோ நீங்கள் வழக்கமாகப் போகும் வேறு மருத்துவமனையோ அந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் கேஷ்லெஸ் பட்டியலில் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். ஏஜென்ட் சொல்வதோடு விடாமல் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவிலேயே கேளுங்கள். சென்னையில் நல்ல மருத்துவமனைகள் நூறு பட்டியலில் இருந்தாலும், நெஞ்சுவலி வந்த இரவில் ஆம்பூரிலிருந்து போய்ச் சேரக்கூடிய ஒன்று இல்லாவிட்டால் அந்தப் பாலிசி உங்களுக்கானதில்லை.

அடுத்து, பில்லில் உங்கள் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். முதியோருக்கென்றே விற்கப்படும் பாலிசிகளில் மருத்துவப் பரிசோதனை இல்லாமல் சேர்ப்பது ஒரு வசதி. அதற்கு ஈடாகப் பல பாலிசிகள் ஒவ்வொரு கிளெய்மிலும் கோ-பே என்ற பெயரில் ஒரு பங்கை உங்கள் தலையில் வைக்கின்றன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த்தின் முதியோர் ரெட் கார்ப்பெட் பாலிசியில் நெடுங்காலமாக இது 30 விழுக்காடு. பில் 2 லட்சம் என்றால் 60,000 ரூபாய் உங்களுடையது. எல்லா நிறுவனங்களும் ஒரே வடிவில் விற்க வேண்டும் என்று 2020இல் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ கொண்டுவந்த ஆரோக்கிய சஞ்சீவனியில் இது 5 விழுக்காடுதான். அதே பில்லில் 10,000 ரூபாய். ஆனால் அதில் அறை வாடகைக்குக் காப்புத் தொகையில் 2 விழுக்காடு, அதிகபட்சம் நாளுக்கு 5,000 ரூபாய் என்று வரம்பு உண்டு. 10,000 ரூபாய் அறையில் தங்கினால் வாடகையில் மட்டுமல்லாமல், மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் போன்றவற்றிலும் பாதிதான் கிடைக்கும். கண்புரைக்கு ஒரு கண்ணுக்கு 40,000 ரூபாய்க்கு மேல் இல்லை. இந்த வரம்புகளுக்குள் பொது வார்டிலோ எளிய அறையிலோ தங்கத் தயங்காத குடும்பத்துக்கு, இரண்டில் இதுவே மேல் என்பது என் முடிவு.

மூன்றாவது வகை சூப்பர் டாப்-அப். முதல் 3 லட்சம் போன்ற ஒரு தொகையை நீங்கள் பார்த்துக்கொள்ள, அதற்கு மேல் நிறுவனம் தரும். பிரீமியம் குறைவாக இருப்பதால் “ஈஎஸ்ஐ இருக்கிறதே, மேலே இதைப் போட்டுக்கொள்ளுங்கள்” என்று சொல்லப்படலாம். இங்கே கவனம் தேவை. ஈஎஸ்ஐ தன் மருத்துவமனையில் சிகிச்சையைத் தருகிறது. நீங்கள் விரும்பிப் போகும் மருத்துவமனையின் முதல் 3 லட்சத்தை அது கட்டாது. முதலமைச்சர் திட்டமும் அப்படித்தான். சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் மகனோ மகளோ தன் அலுவலகக் குழுக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்த்திருந்தாலோ, பணிக்கொடையில் ஒரு பகுதியைத் தொடாமல் வங்கியில் வைத்திருந்தாலோ மட்டுமே இது பொருந்தும்.

எந்த வகையானாலும் படிவத்தில் நோயை மறைக்காதீர்கள். ஐஆர்டிஏஐயின் 2024 விதிகளின்படி, ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு 36 மாதங்களைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து 60 மாதங்கள் பிரீமியம் கட்டிய பிறகு, மோசடி நிரூபணமானால் தவிர, தகவலை மறைத்தார் என்று சொல்லி கிளெய்மை மறுக்க முடியாது. அதுவரை, மறைத்த ஆஸ்துமா ஒன்று போதும், கிளெய்ம் முழுவதும் போய்விடும். கம்பெனியின் குழுக் காப்பீட்டில் இருந்த அலுவலர்கள், வேலையில் இருக்கும்போதே அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பித்தால், கழித்த காத்திருப்புக் காலம் கணக்கில் சேரும். மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்த நிறுவனங்கள் ஐஆர்டிஏஐயைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவானது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் நீங்கியது. இவை நல்ல மாற்றங்களே. ஆனாலும் ஆண்டுக்கு 10 விழுக்காடு ஏறும் பிரீமியம் ஏழெட்டு ஆண்டுகளில் இரு மடங்காகிவிடும்.

“அப்படியானால் அந்தப் பணத்தை வங்கியிலேயே போட்டு வைக்கலாமே” என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில் இல்லை. பிஎஃப் ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகை 2014 முதல் மாதம் 1,000 ரூபாய்தான், ஆண்டுக்கு 12,000. அதை மட்டும் நம்பியிருக்கும் தம்பதியால் தனியார் பிரீமியத்தை ஆண்டுதோறும் தாங்க முடியாது. இரண்டாண்டு கட்டி மூன்றாம் ஆண்டு விட்டால், காத்திருப்புக் காலத்தைக் கழித்ததும் வீண், கட்டிய பணமும் வீண். அவர்கள் ஈஎஸ்ஐயையும் முதலமைச்சர் அட்டையையும் உறுதி செய்துவிட்டு, மீதியை வங்கியில் வைப்பதே நல்லது. வாடகை வருமானமோ பிள்ளைகளின் உதவியோ இருந்து 75, 80 வயது வரை விடாமல் கட்ட முடிபவர், 60 வயதுக்கு முன்பே சிறு கோ-பே உள்ள பாலிசியை எடுக்கலாம். ஒரே ஒரு பெரிய அறுவை சிகிச்சை வங்கிச் சேமிப்பு முழுவதையும் விழுங்கிவிடும் என்பதால், அவர்களுக்குப் பாலிசி அவசியம்தான்.

வீட்டிலேயே ஷூ அப்பர் தைத்துக் கூலி வாங்கிய பெண்களுக்கு ஈஎஸ்ஐ எண்ணே இருந்திருக்காது. அவர்களுக்கு முதலமைச்சர் அட்டையும், சர்க்கரை, ரத்த அழுத்த மருந்தை வீடு தேடித் தரும் மக்களைத் தேடி மருத்துவமும்தான் முதல் படி. கம்பெனியில் உழைத்தவர்களுக்கோ உரிமை சட்டத்தில் இருக்கிறது, தகவல்தான் போய்ச் சேரவில்லை. பணிக்கொடைக் காசோலையோடு 61ஆம் விதிக்கான விண்ணப்பத்தையும் சேர்த்துக் கொடுக்கக் கம்பெனி நிர்வாகங்களுக்குச் செலவு எதுவும் ஆகாது. தொழிற்சங்கங்கள் அதைக் கேட்டு வாங்கித் தர வேண்டும். ஓய்வு நாளுக்கு மூன்று மாதம் முன்பே ஈஎஸ்ஐ கிளை அலுவலகத்துக்குப் போய், உயர் சிறப்புச் சிகிச்சைக்குப் பரிந்துரை எந்த அளவு கிடைக்கும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தப் பதில் கையில் இருந்தால், ஏஜென்ட் காட்டும் பாலிசியில் உங்களுக்குத் தேவையானது எது, தேவையில்லாதது எது என்று நீங்களே பிரித்துப் பார்க்க முடியும்.