தரைக்கு அடியில் இருக்கும் வாயுவை எப்படிப் பிடிப்பது?

கூகுள் ஆபீஸ்ல ஒரு சீட் கிடைச்சா போதும்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு தகவல். கலிபோர்னியாவில் மவுண்டன் வியூ என்ற ஊரில், கூகுள் ஊழியர்கள் வேலை பார்த்த சில கட்டடங்களுக்குள்ளே 2012 கடைசியிலும் 2013 ஜனவரியிலும் ட்ரைகுளோரோஎத்திலீன் வாயு வரம்பைத் தாண்டிப் பதிவானது. இதை டி.சி.இ.ன்னு சுருக்கமா சொல்வாங்க. கூகுளுக்கும் இந்தக் கெமிக்கலுக்கும் சம்பந்தமே இல்லை. பல வருஷம் முன்னாடி அதே பகுதியில் ஃபேர்சைல்ட், இன்டெல், ரேதியான் மாதிரி கம்பெனிகள் சிப் தயாரிச்சாங்க. அங்கே பயன்படுத்திய சால்வென்ட் கசிந்து நிலத்தடி நீரில் கலந்துவிட்டது. அதிலிருந்து ஆவியாகி, மண் வழியா மேலே ஏறி, கான்கிரீட் விரிசல்ல புகுந்து ஆபீஸுக்குள்ளே வந்துவிட்டது. டி.சி.இ. புற்றுநோய் உண்டாக்கும் என்று அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகமை 2011-ல் அறிவித்திருக்கிறது.

இப்போ நீங்க அங்கே போய் டெஸ்ட் பண்ணணும்னு வைங்க. எதை எடுப்பீங்க? "மண்ணைத்தான்"னு சொன்னா பாதி மார்க்.

மண்ணில் ஈயம், குரோமியம் தேடுறதா இருந்தா வேலை சுலபம். நாலைந்து இடத்தில் தோண்டி, ஒன்றாகக் கலந்து, பாட்டிலில் போட்டு அனுப்பலாம். டி.சி.இ., பென்சீன் மாதிரி சட்டுனு ஆவியாகும் பொருளுக்கு அந்தக் கலக்குற வேலையே கூடாது. கலக்கும்போதே பாதி காற்றில் போயிடும். முன்பெல்லாம் கண்ணாடி ஜாரில் மண்ணை அடைத்து லேபுக்கு அனுப்பினார்கள். ஜாரில் போடும்போதும் சரி, லேபில் திறக்கும்போதும் சரி, ஆவி தப்பித்துவிடும். அதனால் இப்போ முறை வேற. தரைக்குள்ளிருந்து கோர் வெளியே வந்த உடனே, முனை வெட்டிய சிரிஞ்ச் மாதிரி ஒரு குழாயால் சுமார் 5 கிராம் மண்ணைக் குத்தி எடுத்து, மெத்தனால் இருக்கும் சின்ன வயலில் நேரடியா தள்ளி மூடிடணும். வயலை முதலிலேயே எடை போட்டிருப்பாங்க. ஸ்பாட்ல தராசு தேடி ஓடத் தேவையில்லை.

ஆனா மவுண்டன் வியூ மாதிரி இடத்தில் இதுவும் போதாது. அழுக்கு இருப்பது கீழே தண்ணீரில். மேல் மண் சுத்தமாகவே இருக்கலாம், அதன் இடுக்குகள் வழியா வாயு மட்டும் ஏறிட்டு இருக்கும். அதனால் வாயுவையே பிடிக்கணும்.

சுமார் 1.5 மீட்டர் ஆழத்துக்கு ஒரு மெல்லிய துளை. அடியில் ஒரு முனை, அதைச் சுற்றி மணல், அதற்கு மேலே பென்டோனைட் களிமண்ணைத் தண்ணீர் விட்டு ஊறவைத்து இறுக்கமா சீல். முனையிலிருந்து ஒரு குழாய் மேலே வரும். நல்ல மழை பெய்த மறுநாள் இதைச் செய்யக் கூடாது. மண்ணின் இடுக்கில் தண்ணீர் நின்றால் வாயு எங்கிருந்து வரும்?

குழாயில் முதலில் இருப்பது வெளிக்காற்று. அதை வெளியேற்றணும், இதுதான் பர்ஜிங். ஒரு சின்ன கணக்கு: குழாயின் உள்விட்டம் 4 மி.மீ., நீளம் 2 மீட்டர் என்றால் கொள்ளளவு 25 மி.லி. மணல் பகுதி 2.5 செ.மீ. விட்டம், 30 செ.மீ. உயரம், இடைவெளி 40 சதவீதம் என்றால் இன்னொரு 59 மி.லி. மொத்தம் 84. மூன்று மடங்கு எடுப்பது வழக்கம், அதாவது சுமார் 250 மி.லி. நிமிடத்துக்கு 200 மி.லி. வேகத்தில் உறிஞ்சினால் ஒண்ணேகால் நிமிஷம். அவசரப்பட்டு பம்ப்பை வேகமா ஓட்டினா, மேலே இருக்கும் காற்று சீல் ஓரமா இறங்கி உள்ளே வந்துடும். அதற்கப்புறம் வெற்றிடமாக்கிய ஸ்டீல் கேனிஸ்டரின் வால்வைத் திறந்து வாயுவைச் சேகரிக்கணும்.

சீல் கசிகிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. என்னைக் கேட்டா இந்த வேலையிலேயே அழகான ஐடியா இங்கேதான் இருக்கு. துளையின் மேல் ஒரு மூடியைக் கவிழ்த்து, அதற்குள் ஹீலியம் நிரப்புவாங்க. சாம்பிளில் ஹீலியம் வந்தா, வெளிக்காற்றும் வந்திருக்குன்னு அர்த்தம். மூடிக்குள் 20 சதவீதம், சாம்பிளில் 1 சதவீதம் என்றால் கசிவு 5 சதவீதம். கலிபோர்னியாவில் அதுவரை ஏற்பாங்க.

கசிஞ்சா என்ன, கொஞ்சம் குறைவா வரும், அவ்வளவுதானேன்னு தோணும். கணக்கு போட்டுப் பாருங்க. தரைக்கு நேர் கீழே இருக்கும் வாயுவில் 3 சதவீதம் அறைக்குள் வருவதாக அமெரிக்க முகமையின் 2015 வழிகாட்டி எடுத்துக்கொள்கிறது. ஆபீஸ் காற்றில் டி.சி.இ.க்கு ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம் வரம்புன்னு வச்சா, தரைக்கு அடியில் 167-ஐத் தாண்டக் கூடாது. உண்மையில் 200 இருக்கு, உங்க சீல் 30 சதவீதம் கசியுதுன்னா, லேப் காட்டுவது 140. ரிப்போர்ட்டில் பாஸ். மறுநாள் காலையில் அதே கட்டடத்தில் எல்லாரும் வழக்கம்போல் வந்து உட்காருவாங்க. கர்ப்பமா இருக்கிறவங்களும் அதில் இருக்கலாம். கருவின் இதய வளர்ச்சியை டி.சி.இ. பாதிக்கலாம் என்ற கவலையால்தான் இந்த வரம்பில் அவ்வளவு கெடுபிடி.

அதனால் இன்டர்ன்ஷிப்பிலோ ப்ராஜெக்ட்டிலோ உங்க கையில் ஒரு மண்வாயு ரிப்போர்ட் வந்தா, பி.டி.எல். என்ற மூணு எழுத்தைப் பார்த்ததும் மூடி வைக்காதீங்க. முதலில் ஹீலியம் எவ்வளவு, அதற்கு முந்தின நாள் மழை பெய்ததா, இந்த இரண்டையும் ஃபீல்டு ஷீட்டில் தேடுங்க.