கையொப்பத்திற்கு ஒரு கையொப்பம்

அயல்நாடு சென்று கற்க விழையும் மாணவர் பலர், கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டால் எல்லாம் கிடைத்துவிட்டது என்றே எண்ணி மகிழ்கின்றனர். நானும் அவ்வாறு மகிழ்ந்தவன்தான். தமிழ்நாட்டில் பட்டம் பெற்றுத் தில்லியில் வந்து படிக்கும் எனக்கு, 2023ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்தது. ஆனால் நான் போகவில்லை. என் பட்டச் சான்றிதழ் உரிய முத்திரையுடன் உரிய நாளில் போய்ச் சேரவில்லை என்பதே காரணம். ஓராண்டை இழந்து நான் கற்ற பாடத்தை நம் சங்கத்து நண்பர்கள் எதையும் இழக்காமலே கற்க வேண்டும் என்பதற்காக இதனை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. நம் பல்கலைக்கழகப் பதிவாளரின் கையொப்பம் நமக்குத் தெரியும். ஸ்பெயினில் மேசையருகே அமர்ந்திருக்கும் எழுத்தருக்கு அது எங்ஙனம் தெரியும்? தெரியாது. ஆகவே, ‘இக்கையொப்பம் மெய்யானதே’ என்று அவர் நம்பத்தக்க ஒருவர் சொல்ல வேண்டும். முற்காலத்தில் இது நீண்டதொரு சங்கிலியாக இருந்தது. பல்கலைக்கழகத்தின் கையொப்பத்திற்கு மாநில அரசாங்கம் சான்று கூறும். அதற்கு நடுவண் அரசு சான்று கூறும். அதற்கு அந்நாட்டுத் தூதரகம் சான்று கூறும். இச்சங்கிலியின் கடைசிக் கண்ணிகளை நீக்கவே, 1961ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை உருவாயிற்று. அது 1965இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவைப் பொறுத்தவரை 2005ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் முதல் நடைமுறையில் உள்ளது.

இவ்வுடன்படிக்கையின்படி இடப்படும் சான்றுக்கு ‘அப்போஸ்டில்’ என்று பெயர். அது குறைந்தது 9 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரம். தலைப்பு பிரெஞ்சு மொழியில் இருக்கும். அதன்கீழ் எண்ணிட்ட பத்து வரிகள் இருக்கும். எந்த நாடு, கையொப்பமிட்டவர் யார், எப்பதவியில் இருந்து இட்டார், எவருடைய முத்திரை, எங்கே, எந்நாளில், யாரால் சான்றளிக்கப்பட்டது என்பனவெல்லாம் அதில் காணலாம். வரிசை எண்ணும் உண்டு. சான்றளித்த அலுவலகம் அவ்வெண்ணைப் பதிவேட்டில் எழுதி வைத்தல் வேண்டும். ஐயுறுவோர் கேட்டுச் சரிபார்த்துக் கொள்ளலாம். அப்போஸ்டிலுக்கு மேல் வேறொரு சான்று தேவையில்லை. சங்கிலி அங்கே முடிகிறது.

நிற்க. அப்போஸ்டில் எதைச் சொல்லாது என்பதையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும். கையொப்பம் மெய், இட்டவர் பதவி மெய், முத்திரை மெய் என்ற மூன்றை மட்டுமே அது கூறும். சான்றிதழில் எழுதியிருப்பவை உண்மை என்று அது கூறுவதில்லை. இந்த வேறுபாட்டை உணர்ந்துகொண்டால் மற்ற விதிகள் யாவும் தாமே விளங்கும். நான் செய்த மூன்று பிழைகளும் இதனை உணராமையால் விளைந்தவையே.

முதற்பிழை: அப்போஸ்டில் வழங்கும் வெளியுறவு அமைச்சகம் தில்லியில் உள்ளது, நானும் தில்லியில் உள்ளேன், ஆகவே வேலை எளிது என்று எண்ணியது. அமைச்சகம் பல்கலைக்கழகப் பதிவாளர் ஒவ்வொருவரின் கையொப்பத்தையும் அறியாது. மாநில அரசுகள் இதற்கென அமர்த்திய அலுவலர்களின் மாதிரிக் கையொப்பங்களையே அது வைத்திருக்கிறது. ஆதலால் எம்மாநிலத்தில் சான்றிதழ் பிறந்ததோ அம்மாநிலத்தின் சான்றொப்பம் முதலில் வேண்டும். கல்விச் சான்றிதழாயின் கல்வித் துறையும், பிறப்பு, திருமணச் சான்றிதழாயின் உள்துறை போன்ற துறையும் அதனைச் செய்யும். என் சான்றிதழோ தமிழ்நாட்டில் பிறந்தது. மீண்டும் ஊருக்கு ஓடினேன்.

இரண்டாம் பிழை: அருமையாகப் பெற்ற பட்டத்தைப் பாதுகாப்பதாக நினைத்து, கண்ணாடித்தாள் போர்த்தி லேமினேஷன் செய்திருந்தேன். காகிதத்தின்மேல் முத்திரை குத்த வேண்டும். பிளாஸ்டிக்கின்மேல் எப்படிக் குத்துவது? உறையை உரிக்கப் போய்ச் சான்றிதழே கிழிந்தது. மறுபடிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துக் காத்திருந்ததில் வாரங்கள் பல கழிந்தன.

மூன்றாம் பிழை நம் தமிழர்க்கே உரியது. என் பட்டத்தில் பெயருக்கு முன் ஒற்றைத் தலைப்பெழுத்து. பாஸ்போர்ட்டிலோ தந்தையார் பெயர் முழுமையாக உள்ளது. முத்திரைகள் யாவும் ஏறிய பின்னர், ‘இருவரும் ஒருவர்தாமா?’ என்று ஸ்பெயினிலிருந்து கேட்டார்கள். இதனை எந்த முத்திரையும் தீர்க்காது. முத்திரையிடுவோர் கையொப்பத்திற்குச் சாட்சிகளே அன்றோ? சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழுவதே மேல் என்பார்கள். சான்றிதழ் வழங்கிய இடத்தையும், இடமளித்த கல்லூரியையும் முன்கூட்டியே நாடி, இப்பெயர் வேறுபாட்டிற்கு என்ன ஏற்பீர்கள் என்று கேட்டிருந்தால், என் ஆண்டு தப்பியிருக்கும்.

இனி, செல்லும் நாட்டைப் பற்றிச் சில சொற்கள். உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கே அப்போஸ்டில் செல்லும். ‘அராபிய நாடு’ என்று பொதுவாக எண்ணிவிடக் கூடாது. ஓமன், பஹ்ரைன், சவூதி அரேபியா ஆகியவை சேர்ந்தவை. ஐக்கிய அரபு நாடுகளும் கத்தாரும் சேராதவை. சேராத நாட்டிற்கு அமைச்சகத்தின் சான்றொப்பத்திற்குப் பின் அந்நாட்டுத் தூதரகத்தின் சான்றும் பெற வேண்டும். இந்தியா சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்தது. அங்கே கற்கச் செல்லும் நம் மாணவருக்கு 2022 நவம்பர் முதல் ஏ.பி.எஸ். என்னும் தனிச் சான்று விதிக்கப்பட்டது. ஆகவே வேலையைச் செல்லும் நாட்டிலிருந்து தொடங்குங்கள்: அவர்கள் கேட்பது யாது, மொழிபெயர்ப்பு வேண்டுமா, அது முத்திரைக்கு முன்னா பின்னா என்று எழுத்து மூலம் கேட்டறியுங்கள்.

அமைச்சகம் 2012 முதல் விண்ணப்பங்களை நேரில் வாங்குவதில்லை. அங்கீகாரம் பெற்ற சேவை நிலையங்கள் வழியாகவே வாங்குகிறது. 2019 முதல் சென்னை உட்படப் பல நகரங்களில் இப்பணி நடைபெறுகிறது. அப்போஸ்டிலுக்கு அரசாங்கக் கட்டணம் 50 ரூபாயே. சேவைக் கட்டணம் சிறிது கூடும். ஆயிரக்கணக்கில் கேட்கும் தரகரிடம் ஏமாற வேண்டா. 2017இல் தொடங்கிய ‘இ-சனத்’ என்னும் கணினி வழியும் உண்டு. உங்கள் கல்வி நிலையம் அதில் சேர்ந்துள்ளதா என்று பாருங்கள்.

நண்பர்களே! இன்றே பெட்டியைத் திறந்து உங்கள் பட்டச் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் அருகருகே வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும். நான் அந்த ஐந்து நிமிடத்தைச் செலவிடவில்லை.