மல்லனுக்கு வாய் எதற்கு?

இந்த மாத விளையாட்டுப் பாடம் கிரிக்கெட் இல்லை, எம்.எம்.ஏ.! நம்ம வகுப்பில் பாதிப் பேர் போனில் பார்க்கிற அதே கூண்டுச் சண்டைதான். யார் யாரை எத்தனையாவது ரவுண்டில் வீழ்த்தினார் என்பதெல்லாம் உங்களுக்கே அத்துப்படி. நான் எழுத வந்தது அந்த வீரர்களின் குணத்தைப் பற்றி. ஜெயிச்சதும் என்ன செய்றாங்க? தோத்ததும் என்ன செய்றாங்க? எதிராளியைப் பத்தி என்ன பேசுறாங்க? நான் ஒரு ரசிகன். ஆகவே ரசிகனின் கருத்து என்றே படிக்கவும்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். எம்.எம்.ஏ. என்றால் கலப்புத் தற்காப்புக் கலை. குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜூடோ, ஜியு-ஜிட்சு, முவே தாய் எல்லாம் கலந்தது. யூ.எஃப்.சி. என்ற அமெரிக்க நிறுவனம் 1993 நவம்பரில் டென்வர் நகரில் முதல் போட்டியை நடத்தியது. எட்டுப் பக்கக் கூண்டு. இப்போது சாதாரணப் போட்டி 3 சுற்று, பட்டப் போட்டி 5 சுற்று, ஒரு சுற்றுக்கு 5 நிமிடம்.

இது ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். நம் மாவட்டத்து மாமல்லபுரத்தின் பெயரையே பிரித்துப் பாருங்கள். மா + மல்லன். மல்லன் என்றால் மற்போர் வீரன். 642-இல் வாதாபியைப் பிடித்த முதலாம் நரசிம்மவர்ம பல்லவனின் பட்டப்பெயர் அது. அதற்கும் முன்னால், புறநானூறு 80-ஆம் பாட்டில் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு மற்போர் செய்கிறான். ஒரு காலை அவன் மார்பில் ஊன்றி, இன்னொரு காலைப் பின்பக்கம் கொடுத்து மடக்குகிறான் என்று சாத்தந்தையார் வர்ணிக்கிறார். சார், இது அசல் கிராப்பிளிங்!

இப்போ விஷயத்துக்கு வருவோம். எம்.எம்.ஏ.வில் குணம் ஏன் முக்கியம் என்றால், 'தட்டுதல்' என்று ஒன்று இருக்கிறது. கையையோ கழுத்தையோ எதிராளி பூட்டிவிட்டால், தப்ப முடியாது என்று தெரிந்ததும் அவர் உடம்பிலோ தரையிலோ கையால் தட்ட வேண்டும். "ஒப்புக்கிட்டேன், விடு" என்று அர்த்தம். உடனே நடுவர் நிறுத்துவார், எதிராளியும் விட வேண்டும். விடாவிட்டால்? முழங்கை மூட்டு போய்விடும். கழுத்துப் பிடியில் சில விநாடிகளிலேயே மயக்கம் வந்துவிடும். பயிற்சிக் கூடத்தில் பெரும்பாலும் நடுவரும் கிடையாது. கூடப் பயிற்சி செய்கிறவனின் நல்ல மனசுதான் நடுவர். அதாவது இந்த விளையாட்டில் தினமும் தன் கழுத்தை இன்னொருத்தன் கையில் நம்பிக் கொடுக்கிறான். தட்டுகிறவனைக் கோழை என்று கிண்டல் செய்கிறவர்கள் இந்த விளையாட்டைப் பார்க்கவே இல்லை என்பேன்.

இவ்வளவு நம்பிக்கை உள்ள இடத்தில் இவ்வளவு வாய்ப்பேச்சு எப்படி வந்தது? காசுதான். 2018 அக்டோபர் 6, லாஸ் வேகாஸ். ரஷ்யாவின் கபீப் நுர்மகொமெடோவுக்கும் அயர்லாந்தின் கானர் மெக்ரெகருக்கும் போட்டி. அதற்கு முன் மாதக்கணக்கில் மெக்ரெகர் கபீபின் அப்பாவையும் மதத்தையும் ஊரையும் இழுத்துப் பேசினார். அதே ஆண்டு ஏப்ரலில் நியூயார்க்கில் வீரர்கள் உட்கார்ந்திருந்த பஸ்ஸின் கண்ணாடியையே உடைத்தார். இரண்டு வீரர்களுக்குக் காயம். பலன் என்ன? சுமார் 24 லட்சம் பேர் காசு கட்டி அந்தப் போட்டியைப் பார்த்ததாக நிறுவனம் சொன்னது. கபீப் நாலாவது சுற்றில் கழுத்தைப் பூட்ட, மெக்ரெகர் தட்டினார். அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் கபீப் கூண்டைத் தாண்டிக் குதித்து மெக்ரெகரின் ஆட்கள் மேல் பாய்ந்தார்! 5 லட்சம் டாலர் அபராதம், 9 மாதத் தடை. மெக்ரெகருக்கு 50 ஆயிரம் டாலர், 6 மாதத் தடை.

கபீப் செய்தது சரி என்று நம்மில் பலர் வாதாடுவோம். எனக்கும் அவர்மேல் கோபம் வரவில்லை, வருத்தம்தான் வந்தது. சண்டையில் சுத்தமாக ஜெயித்தவர், பேச்சில் தோற்றுவிட்டார் இல்லையா? அதே கபீபை 2020 அக்டோபரில் பாருங்கள். மூன்று மாதம் முன்புதான் அவர் அப்பா இறந்திருந்தார். ஜஸ்டின் கேத்ஜியைக் கால்களால் கழுத்தைப் பூட்டி வென்றார். கேத்ஜி தட்டியதை நடுவர் கவனிக்காததால் அவர் மயங்கியே போனார். எழுந்து வந்து என்ன செய்தார் தெரியுமா? தரையில் கிடந்து அழுத கபீபைத் தேற்றினார். கபீப் அன்றே ஓய்வு அறிவித்தார். 29 போட்டி, 29 வெற்றி. எனக்கு மறக்காதது அந்த எண் இல்லை, தோற்றவர் வந்து தேற்றிய அந்த நிமிடம்தான்.

மாணவிகள் கவனிக்க: யூ.எஃப்.சி.யில் ஒப்பந்தமான முதல் இந்தியப் பெண் உத்தரப்பிரதேசத்தின் பூஜா தோமர். 2024 ஜூனில் முதல் போட்டியிலேயே வென்றார். இது என் வெற்றி மட்டும் இல்லை, இந்திய ரசிகர்களுக்கும் வீரர்களுக்கும் உரியது என்றுதான் மைக்கில் சொன்னார்.

"முகமது அலியே வாய்ச்சவடால்தானே?" என்று கேட்பீர்கள். உண்மைதான். 1980-இல் சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடியவர், வடசென்னைப் பெரியவர்களின் ஹீரோ. "நான்தான் பெரியவன்" என்று அவர் பேசினால் சிரிப்பு வரும், ஏன்னா அது தன்னைப் பற்றிப் பேசுவது. ஆனால் 1975-இல் மணிலா போட்டிக்கு முன் ஜோ ஃப்ரேசியரைக் கொரில்லா என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சண்டை 14 சுற்றில் முடிந்தது. அந்தச் சொல் முடியவில்லை. 2001-இல் அலி மன்னிப்புக் கேட்டார். அதுவரை 26 வருஷம் ஃப்ரேசியர் அதைச் சுமந்தார். குத்து வாங்கிய வீக்கம் ஒரு வாரத்தில் வடிந்திருக்கும்.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன்? நம்ம கிரவுண்டிலும் இது ஆரம்பித்துவிட்டது. கபடியில் ஒருவனைப் பிடித்ததும் தோளை ஆட்டி மெக்ரெகர் நடை நடக்கிறார்கள். நடக்கட்டும், அது ஜாலிதான். ஆனால் போன மாதம் ஒரு மேட்ச்சில் கடலுக்குப் போகிற ஒருத்தரைப் பற்றி, மீன் வாசனையைப் பற்றி, அவர் பையன் காதுபடப் பேசினார்கள். "சும்மா, யூ.எஃப்.சி. மாதிரி" என்றார்கள். அவன் நம்ம டீமின் நல்ல ரெய்டர். அன்றிலிருந்து அவன் கிரவுண்டுக்கு வரவில்லை. டிக்கெட் விற்க மெக்ரெகர் பேசினார். நாம் எதை விற்கப் பேசுகிறோம்?

எதிராளியைச் சின்னவன் ஆக்கினால் நம் வெற்றியும் சின்னதாகிவிடும் என்பது என் கட்சி. இதைப் பல்லவர் காலத்துச் சிற்பி சரியாகப் புரிந்து வைத்திருந்தார். மாமல்லபுரம் கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் மகிஷாசுரமர்த்தினி குகை இருக்கிறது. உள்ளே போனதும் வலது சுவர். எட்டுக் கைகளோடு துர்க்கை சிங்கத்தின் மேல் இருந்து வில்லை இழுக்கிறாள். முகத்தில் கோபமே இல்லை. எதிரே எருமைத்தலை மகிஷன். பின்னால் சாய்கிறான், ஆனால் இன்னும் விழவில்லை. இரண்டு கையிலும் கதையை இறுகப் பிடித்திருக்கிறான். தோற்கப்போகிறவன்தான், என்றாலும் அவன் தலைக்கு மேலும் ராஜாவுக்கு உரிய குடை! அவனைக் கோமாளியாகச் செதுக்கியிருந்தால் துர்க்கைக்கு எட்டுக் கை எதற்கு?

ஒரு வேலை: குகையைப் பார்த்துவிட்டு அப்படியே ஐந்து ரதங்களுக்கும் போங்கள். திரௌபதி ரதத்தின் வெளிச்சுவரில் துர்க்கை வெட்டுண்ட எருமைத் தலைமேல் நிற்கிறாள், மகிஷனே இல்லை. இரண்டில் எது உங்களுக்குப் பெரிய வெற்றியாகத் தெரிகிறது, ஏன்? பத்து வரியில் எழுதி நூலக வாசல் பெட்டியில் போடுங்கள். மெக்ரெகர் ரசிகர்கள் என்னைத் திட்டியும் எழுதலாம், அப்பாவை மட்டும் இழுக்காமல். நல்ல பதில்கள் அடுத்த மாதம் இதே சுவரில் வரும்.