வழி காட்டலும் வழி விடலும்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்ததும் நம் இல்லங்கள்தோறும் ஒரு கேள்வி எழுகின்றது. பிள்ளையை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்பதே அக்கேள்வி. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களில் நிலபுலங்களோடு வாழும் குடும்பமாயினும், சென்னையில் அலுவல் பார்க்கும் குடும்பமாயினும் இதற்கு விலக்கில்லை. பெரும்பாலும் ஒரே மாலைப் பொழுதில் விடையும் முடிவாகிவிடுகின்றது. மாமா மகன் பொறியியல் படித்தான், ஆகவே இவனும் பொறியியல். அத்தை மகளுக்கு வங்கியில் வேலை, ஆகவே இவளும் வணிகவியல். பிள்ளை அவ்வேளை கூடத்தில்தான் அமர்ந்திருக்கும். அதனைக் கேட்பார் இல்லை.

இக்கட்டுரையில் நாம் வலியுறுத்த விழைவது ஒன்றே. உள்ள வழிகள் யாவை, அவை எங்கே கொண்டுசேர்க்கும் என்பதை உரிய காலத்தில் பிள்ளையின்முன் வைப்பது பெற்றோர் கடமை. தேர்ந்துகொள்வது பிள்ளையின் உரிமை. தேர்ந்தபின் துணை நிற்பது குடும்பம் முழுவதன் பொறுப்பு.

1. ஒரே மணல், பல பாடங்கள்

ஆசிரியப் பயிற்சிப் பணி நிமித்தம் நாம் இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்திற்குச் சென்றதுண்டு. கீழக்கரைக்கும் மண்டபத்திற்கும் இடைப்பட்ட கடற்கரையூர் அது. பயிற்சி மாணவியர், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை அரைமணி நேரம் கரையில் நடக்கவிட்டு, கண்டதை எழுதி வருமாறு பணித்தனர். ஒரு பிள்ளை சிப்பிகளை வகை பிரித்து எழுதியிருந்தது. மற்றொன்று பழுதான படகு எஞ்சினை எவ்வாறு கழற்றினர் என்று வரிசைப்படுத்தியிருந்தது. வேறொன்று மீன் ஏலத்தில் விலை ஏறி இறங்கிய கணக்கைக் குறித்திருந்தது. இன்னொன்று, மணலில் கிடந்த பழைய ஓட்டுத் துண்டைக் கொண்டுவந்து, இது யாருடைய பாத்திரம் என்று வினவியது.

இந்நான்கும் வெறும் விளையாட்டல்ல. பெரியபட்டினம் இடைக்காலத்தில் சிறந்து விளங்கிய துறைமுகம். 1980களின் பிற்பகுதியில் அறிஞர்கள் இவ்வூரை ஆராய்ந்தபோது சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. ஓட்டுத் துண்டைக் கையில் எடுத்த பிள்ளைக்கு வரலாறும் தொல்லியலும் காத்திருக்கின்றன. சிப்பிகளை வகை பிரித்த பிள்ளைக்குக் கடல் உயிரியல் உண்டு. அக்கரையை அடுத்த மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. 1947இல் தொடங்கப்பெற்ற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், பின்னர்த் தலைமையிடம் கொச்சிக்கு மாறியபோதும், மண்டபத்தில் ஆய்வு மையமாகத் தொடர்கின்றது. எஞ்சினை நோக்கிய பிள்ளைக்குப் பொறியியலும், ஏலத்தை நோக்கிய பிள்ளைக்கு வணிகமும் உரியன.

நால்வரும் ஒரே வயதினர். ஒரே மணலில் நடந்தவர். ஆயினும் கண்கள் வேறு. இவ்வேறுபாட்டை மதிப்பெண் பட்டியல் காட்டுவதில்லை. வீட்டாரே கண்டறிய வேண்டும்.

2. கவர்ச்சி, நாட்டம், அடைவு

கல்வி உளவியல் மூன்றைப் பிரித்துரைக்கும். ஒன்றில் மனம் தானே செல்லுதல் கவர்ச்சி. அதனைப் பயின்றால் தேர்ச்சி பெறக்கூடிய இயல்பு நாட்டம். இதுவரை கற்றதன் அளவு அடைவு. தேர்வு மதிப்பெண் காட்டுவது மூன்றாவதை மட்டுமே.

நம் வீடுகளில் நேரும் குழப்பம் பெரிதும் இம்மூன்றையும் ஒன்றாகக் கருதுவதால் வருவது. கணக்கில் 95 மதிப்பெண் பெற்ற பிள்ளைக்குக் கணக்கில் கவர்ச்சி இருந்தே தீரும் என்பதில்லை. நல்ல ஆசிரியர் வாய்த்திருக்கலாம். கிரிக்கெட்டில் கவர்ச்சியுடைய பிள்ளை அனைவர்க்கும் அதில் நாட்டம் இருக்கும் என்பதுமில்லை. மூன்றும் கூடுமிடமே நல்ல தேர்வு. மூன்றில் இரண்டு அமைந்து ஒன்று குறைந்தால், அக்குறையை முயற்சியால் நிரப்பலாம். கவர்ச்சி அறவே இல்லாதவிடத்து மதிப்பெண்ணை மட்டும் நம்பி இறங்குதல் நெடுந்தூரம் கொண்டுசெல்லாது.

3. இராமேஸ்வரம் தரும் பாடம்

பெரியபட்டினத்திற்குக் கிழக்கே அதே கடற்கரையில் உள்ள இராமேஸ்வரத்தில் 1931ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் பிறந்தவர் டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம். இந்நாட்டின் குடியரசுத் தலைவராக 2002 முதல் 2007 வரை விளங்கிய அவரது புகழை அனைவரும் அறிவர். அவர் படிப்பைத் தேர்ந்த வரலாறே இங்கு நாம் எண்ணத்தக்கது.

தந்தையார் ஜைனுலாப்தீன், மகன் கலெக்டராக வேண்டும் என்று விரும்பினார். மகனின் கவர்ச்சியோ வானத்தில் இருந்தது. தொடக்கப் பள்ளியில் சிவசுப்பிரமணிய ஐயர் என்னும் ஆசிரியர், பறவை பறக்கும் விதத்தைக் கரும்பலகையில் விளக்கியதோடு, பிள்ளைகளைக் கடற்கரைக்கே அழைத்துச் சென்று பறவைகளைக் காட்டினார். அன்று விழுந்த விதை அது. பின்னர் இராமநாதபுரம் சுவார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் படிப்பு. மகனைப் பிரியத் தயங்கிய தாயாரைத் தேற்றி, தந்தையாரே வழியனுப்பி வைத்தார்.

1950இல் திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் சேர்ந்து, 1954இல் இயற்பியலில் பட்டம் பெற்றார். பட்டம் பெற்ற பின்னரே, தம் மனம் நாடிய துறை இயற்பியலன்று, பொறியியல் என்று உணர்ந்ததாக அவரே பதிவு செய்துள்ளார். கல்லூரியில் சேர்ந்தபோது வேறு படிப்புகள் உள்ளன என்பதே அவருக்குத் தெரியாது. அறிவியல் படித்தவனுக்கு என்னென்ன பணிகள் உண்டு என்று எடுத்துச் சொல்வாரும் இலர். இத்தனைக்கும் அவர் கூர்த்த மதியினர். ஊக்கம் தந்த ஆசிரியர்களும் அன்பான குடும்பமும் வாய்த்தவர். குறைந்தது ஒன்றே: செய்தி.

எனினும், காலம் போயிற்று என்று அவர் அமைந்துவிடவில்லை. சென்னை தொழில்நுட்பக் கல்லூரியான எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. சேர்க்கைக்குச் சுமார் ஆயிரம் ரூபாய் வேண்டும். அந்நாளில் அது பெருந்தொகை. தமக்கையார் ஜோகரா தம் பொன்வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் உதவினார். கல்லூரி வளாகத்தில் காட்சிக்கு வைத்திருந்த இரு பழைய விமானங்கள் இளைஞரின் மனத்தை ஈர்த்தன. முதலாண்டு முடிவில் வானூர்திப் பொறியியலையே தேர்ந்தார்.

1958இல் விமானப் படைத் தேர்வில் எட்டு இடங்களுக்கு ஒன்பதாமவராக வந்து வாய்ப்பிழந்தார். விமானியாகும் கனவு அன்றோடு முடிந்தது. அவ்வாண்டே பாதுகாப்பு அமைச்சகத்தின் தொழில்நுட்பப் பிரிவில் பணியேற்றார். 1980ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் செலுத்தியபோது அத்திட்டத்தின் இயக்குநர் அவரே.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை மூன்று. தம் ஆசை வேறாக இருந்தும் தந்தையார் மகனுக்குத் தடையாகவில்லை. செய்தி தாமதமாக வந்தபோதும் வழி மாறுதலை இழுக்கென்று குடும்பம் கருதவில்லை. ஒரு கதவு அடைபட்டபோது அவர் துறையைக் கைவிடாமல் அடுத்த கதவை நாடினார்.

4. பெண்மக்கள்

இவ்வுரிமை மகனுக்கே, மகளுக்கு இல்லை என்பாரும் நம்மிடையே உளர். மகளின் படிப்பைத் திருமணத்தை முன்வைத்தே அளந்து பார்க்கின்றனர். புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி, ஆண்கள் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் எதிர்ப்புக்கிடையே சேர்ந்து படித்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார். அவர் முயற்சியால் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இன்றளவும் உயிர்களைக் காத்து வருகின்றது. கல்வியில் நாட்டமுடைய மகளுக்குத் தந்தை தரும் இசைவு எத்துணைக் குடும்பங்களுக்கு விளக்காகும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

5. வாயில்களை அறிதல்

பதினொன்றாம் வகுப்பில் கொள்ளும் பிரிவு, சில வாயில்களைத் திறந்து சிலவற்றை அடைக்கும். உயிரியலை விட்டபின் மருத்துவத்தை எண்ணுதல் அரிது. கணிதத்தை விட்டவர்க்குப் பொறியியல் பிரிவுகள் பலவும் எட்டா. தமிழகத்தில் 2017 முதல் மருத்துவச் சேர்க்கை நீட் தேர்வின் வழியே நடைபெறுகின்றது என்பதையும் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும்.

செய்கையில் கை தேர்ந்த பிள்ளை பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு பட்டயம் பெற்று, நேரே பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரலாம். வணிகவியல் பயின்றோர் பட்டயக் கணக்கர் தேர்வுகளை நாடலாம். சட்டத்தில் ஐந்தாண்டுப் படிப்பில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடன் சேரலாம். கலைப் பாடங்களை மதிப்பெண் குறைந்தோரின் புகலிடம் என்று எண்ணுதல் தவறு. நம் சமூகத்துப் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் தத்துவம் பயின்றவர். சென்னை மாநிலக் கல்லூரியில் அதனையே கற்பித்தவர். நீலகேசியை 1936இல் பதிப்பித்துத் தந்தவர்.

பொருள் நிலையும் எண்ணத்தக்கதே. அரசுப் பள்ளிகளில் பயின்றோர்க்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020இலும், பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 2021இலும் வழங்கப்பட்டது. 2014 ஜனவரியில் மத்திய அரசு ஜைன சமூகத்தைச் சிறுபான்மைச் சமூகமாக அறிவித்தது. ஆகவே சிறுபான்மையினர்க்குரிய உதவித்தொகை, கல்விக் கடன் ஆகியவற்றை ஆண்டுதோறும் விசாரித்தறிதல் நன்று.

6. தொழிலும் அறமும்

ஆதிபகவன் விருஷபதேவர் மக்களுக்குப் படை, எழுத்து, உழவு, வித்தை, வாணிகம், சிற்பம் என்னும் ஆறு தொழில்களைக் கற்பித்தார் என்பது நம் மரபு. வாழும் வழி ஒன்றே என்று ஆதியிலும் சொல்லப்படவில்லை. ஆதலின் இரண்டு படிப்புகளை மட்டும் உயர்வாகக் கொண்டு ஏனையவற்றைத் தாழ்த்துதல் நமக்கு அழகன்று. அதே வேளை, இத்தொழிலால் பிற உயிர்க்கு வரும் தீங்கு யாது, நன்மை யாது என்னும் வினாவைப் பிள்ளையோடு சேர்ந்து எண்ணலாம். பவளப்பாறையையும் கடற்பசுவையும் காக்கும் ஆய்வும் கடலைச் சார்ந்த தொழிலே. விடையைத் திணிக்காமல் வினாவை மட்டும் தந்தால், வளரிளம் பிள்ளைகள் வியக்கத்தக்க தெளிவோடு சிந்திப்பதை நாம் வகுப்பறைகளில் கண்டுள்ளோம்.

7. இல்லத்தில் செய்யத்தக்கவை

அ) ஒன்பதாம் வகுப்பிலேயே பேச்சைத் தொடங்குக. முடிவு வந்தபின் தொடங்கும் பேச்சு அவசரப் பேச்சாகும்.

ஆ) "என்ன ஆகப் போகிறாய்?" என்று வினவுவதைவிட, "எதைச் செய்யும்போது உனக்கு நேரம் போவதே தெரிவதில்லை?" என்று வினவுக.

இ) பிள்ளை விரும்பும் தொழிலில் உள்ள ஒருவரிடம் அழைத்துச் சென்று, ஒரு நாள் முழுதும் அவர் பணியைக் காணச் செய்க. பலருடைய விருப்பம் அன்று உறுதிப்படும், சிலருடையது மாறும். இரண்டும் நன்மையே.

ஈ) முதல் விருப்பம் கைகூடாவிடில் இரண்டாவது எது, மூன்றாவது எது என்று பிள்ளையே எழுதி வைக்கட்டும்.

உ) செலவைப் பிள்ளையிடம் மறைக்க வேண்டா. குடும்பத்தின் நிலை அறிந்த பிள்ளை பொறுப்போடு தேர்ந்தெடுக்கும். ஆனால், "உனக்காக இத்தனை செலவிட்டோம்" என்று பின்னாளில் சொல்லிக்காட்டுதல் ஆகாது.

ஊ) ஓராண்டு படித்தபின் வழி மாற விரும்பினால் சினம் கொள்ளாமல் காரணத்தைக் கேளுங்கள். நான்காண்டு கழித்து மாறுவதினும் ஓராண்டில் மாறுதல் எளிது.

இவ்வாண்டு நம் இல்லங்களில் ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் பயிலும் பிள்ளைகள் பலர் இருப்பர். இவ்விதழைப் படித்து முடித்ததும், மேற்கண்ட இரண்டாம் வினாவை இன்றிரவு உணவுக்குப் பின் அவர்களிடம் கேளுங்கள். விடை வரும்வரை பொறுத்திருங்கள். இடையில் பேசாதிருங்கள்.