'எவரேஜ்' என்றால் சராசரி மட்டும்தானா?

"நாளாந்தம் எவரேஜ் வியாபாரம் எவ்வளவு?" என்று கேட்டால் நம்மில் எவரும் உடனே பதில் சொல்லிவிடுவோம். மாத விற்பனையை நாட்களால் பிரித்தால் வருவது எவரேஜ், தமிழில் சராசரி. ஆனால் இதே சொல் காப்புறுதிப் பத்திரத்தில் வரும்போது அதன் பொருளே வேறு. அதைத் தெரியாமல் கையொப்பமிட்டால் முதலுக்கே மோசமாகிவிடும்.

இச்சொல்லின் மூலம் அரபு மொழியாகும். 'அவார்' என்றால் பழுது, குறைபாடு. குர்பானிக்கு ஆகாத, ஒரு கண் குருடான பிராணியை 'அவ்ரா' என்பதும் இதே வேரிலிருந்துதான். மத்திய தரைக்கடலில் அரபு வணிகரோடு கொடுக்கல் வாங்கல் செய்த இத்தாலியர், கடலில் பழுதான சரக்கை 'அவரியா' என்றனர். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குச் சென்று 'எவரேஜ்' ஆனது.

ஆபத்திலுள்ள கப்பலைக் காப்பாற்ற ஒருவரின் சரக்கைக் கடலில் வீசினால் அந்த நட்டம் யாருடையது? கப்பல்காரரும் சரக்குக்காரர் அனைவரும் தத்தமது பெறுமதிக்கேற்பப் பங்கேற்க வேண்டும். ரோமச் சக்கரவர்த்தி ஜஸ்டினியனின் 533ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பிலேயே இவ்விதி உண்டு. இதற்கு 'ஜெனரல் எவரேஜ்' என்று பெயர். ஒருவரின் சரக்குக்கு மட்டும் தற்செயலாக நேரும் பகுதிச் சேதம் 'பர்ட்டிகியுலர் எவரேஜ்'. அதில் மற்றவருக்குப் பங்கில்லை. நட்டத்தை இப்படிப் பங்கிட்ட வழக்கிலிருந்தே, 18ஆம் நூற்றாண்டில் 'சராசரி' என்ற கணக்குப் பொருளும் பிறந்தது.

இது பழங்கதை அல்ல. 2018 மார்ச்சில் அரபிக் கடலில் 'மார்ஸ்க் ஹொனாம்' என்ற கொள்கலன் கப்பல் தீப்பற்றியது. தப்பிய சரக்கை விடுவிக்க, மீட்புச் செலவுக்கும் ஜெனரல் எவரேஜுக்குமாகச் சரக்குப் பெறுமதியில் 54 சதவீதத்துக்குப் பிணை கேட்கப்பட்டது. அதாவது 10 இலட்சம் ரூபா சரக்கென்றால் 5 இலட்சத்து 40 ஆயிரம். காப்புறுதி உள்ளவருக்குக் காப்புறுதிக் கொம்பனி உத்தரவாதக் கடிதம் கொடுக்கும். இல்லாதவர், சரக்கில் ஒரு கீறலும் இல்லாவிட்டாலும், கைக்காசைக் கட்ட வேண்டும்.

கடைக்காரருக்கும் ஓர் எவரேஜ் உண்டு. தீக் காப்புறுதியில் 'எவரேஜ் கிளோஸ்' என்றொரு நிபந்தனை இருக்கும். கடையில் 100 இலட்சம் ரூபா சரக்கு இருக்கிறது. பிரீமியத்தை மிச்சப்படுத்த 50 இலட்சத்துக்கே காப்புறுதி செய்கிறோம். தீயில் 20 இலட்சம் நட்டம். காப்புறுதித் தொகைக்குள் அடங்குவதால் முழுவதும் கிடைக்கும் என்று நினைப்போம். ஆனால் கிடைப்பது 10 இலட்சம்தான். பாதிப் பெறுமதிக்கே காப்புறுதி செய்ததால், மறுபாதி நட்டத்தை நாமே ஏற்றதாகக் கணக்கு.

எனவே இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். எஃப்.ஓ.பி. அல்லது சீ அன்ட் எஃப் அடிப்படையில் சரக்கு எடுத்தால், கடற்பயணக் காப்புறுதி வாங்குபவரான உங்கள் பொறுப்பு. காப்புறுதியோ தகாபுலோ, சரக்கு கப்பலேறுமுன் செய்துகொள்ளுங்கள். அடுத்து, பெருநாள் சீசனுக்காகச் சரக்கு நிரப்பும்போது காப்புறுதித் தொகையையும் உயர்த்துங்கள். பத்திரத்தில் 'எவரேஜ்' என்று கண்டால், நட்டத்தில் உங்கள் பங்கு எவ்வளவு என்று முதலில் கேளுங்கள், கையொப்பம் பிறகு.