ஈதரைத் தேடிய கதை

மழைக்கால மாலையில் தொலைவிலுள்ள குன்றின்மேல் மின்னல் வெட்டுகிறது. சற்று நேரங்கழித்தே இடியோசை லயங்களை எட்டுகிறது. ஓசை நம்மிடம் வந்து சேரக் காற்று வேண்டும். ஒரு மணியைக் கண்ணாடிக் கூட்டினுள் வைத்து, உள்ளிருக்கும் காற்றை நீக்கிவிட்டு அடித்தால், அதன் நா ஆடுவது கண்ணுக்குத் தெரியும்; ஓசை மட்டும் காதில் விழாது. ஓசை நின்றுவிட்ட இடத்திலும் ஒளி நிற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கதிரவனுக்கும் பூமிக்கும் இடையே சுமார் 15 கோடி கிலோமீட்டர் தொலைவு. அவ்வெளியில் காற்று கிடையாது. ஆயினும் எட்டு நிமிடங்களுக்குச் சற்று அதிகமான நேரத்தில் வெயில் நம் முற்றத்தில் வந்து விழுகிறது. எதன் வழியாக வருகிறது?

இக்கேள்விக்கு அறிஞர்கள் அளித்த விடைதான் ஈதர். ஒளி அலையாகப் பரவுகிறது என்றும், வெளியெங்கும் நிறைந்த ஒரு நுண்பொருளே அவ்வாறு அலைகிறது என்றும் டச்சு நாட்டு ஹைகன்ஸ் 1690இல் எழுதினார். ஒளி துகள்களால் ஆனது என்ற நியூட்டனின் கருத்தே அடுத்த நூற்றாண்டில் ஓங்கி நின்றது. 1800க்குப் பின்னர் இங்கிலாந்தின் தாமஸ் யங்கும் பிரான்சின் ஃபிரெனலும் செய்த ஆய்வுகள், ஒளி அலையே என்பதை நிலைநாட்டின. நீரின்றி நீரலை உண்டா? ஆகவே ஈதரும் இருந்தே தீர வேண்டும் என்றாயிற்று. (மருத்துவமனைகளில் மயக்க மருந்தாகப் பயன்பட்ட ஈதர் வேறு பொருள். பெயர் மட்டுமே ஒன்று.)

இந்த ஈதரின் இயல்பை எண்ணிப் பார்த்தால் வியப்பே மிஞ்சும். ஒளியலை அத்துணை விரைவாகச் செல்ல அஃது எஃகினும் விறைப்பாக இருத்தல் வேண்டும்; கோள்கள் தடையின்றிச் சுற்றிவரக் காற்றினும் மெலிதாக இருத்தல் வேண்டும். இரண்டும் ஒரே பொருளில் எவ்வாறு பொருந்தும்? ஆயினும் ஈதரை நம்பியவர்களை நாம் ஏளனம் செய்வதற்கில்லை. அவர்கள் காலத்தில் அதனினும் நல்ல விளக்கம் வேறு இருக்கவில்லை.

பூமி கதிரவனைச் சுற்றி விநாடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் விரைவில் ஓடுகிறது. வெளியெங்கும் ஈதர் அசையாது நிறைந்திருக்குமாயின், ஓடுகின்ற நம்மீது ஈதர்க் காற்று வீச வேண்டுமன்றோ? காற்றில்லா நாளிலும் மிதிவண்டியில் செல்வோரின் முகத்தில் காற்று மோதுவதைப் போன்றது இது. அக்காற்றை அளக்க இயலுமா? ஒளியை அனுப்பித் திரும்பப் பெறும் ஆய்வில் அதன் விளைவு அளக்க இயலாத அளவுக்குச் சிறியது என்று பேரறிஞர் மாக்ஸ்வெல் 1879இல் ஒரு கடிதத்தில் எழுதினார். அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் பயின்று அங்கேயே ஆசிரியராகவும் இருந்த ஆல்பர்ட் மைக்கல்சன், அதை அளந்தே தீருவது எனத் துணிந்தார்.

அவருடைய முறையை ஓர் ஆற்றைக் கொண்டு விளக்குவோம். ஆற்றின் அகலம் 4 கிலோமீட்டர். நீரோட்டம் மணிக்கு 3 கிலோமீட்டர். அசையாத நீரில் படகின் வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர் எனக் கொள்வோம். ஒரு படகு நேரே அக்கரை சென்று திரும்புகிறது. நீரோட்டம் இழுத்துச் செல்லாதிருக்கச் சற்றுச் சாய்த்துச் செலுத்த வேண்டியிருப்பதால், மணிக்கு 4 கிலோமீட்டரே முன்னேறும். போக ஒரு மணி, வர ஒரு மணி. மற்றொரு படகு கரையோரமாகவே 4 கிலோமீட்டர் கீழே சென்று மேலேறி வருகிறது. போகும்போது அரை மணி. எதிர்த்து வரும்போது இரண்டு மணி. தொலைவு ஒன்றே, ஆயினும் இரண்டாம் படகு அரை மணி நேரம் பிந்திவிடும். நீரோட்டம் நம் கண்ணுக்குத் தெரியாவிடினும், இந்த அரை மணி அதனைக் காட்டிக் கொடுத்துவிடும்.

மைக்கல்சன் படகுக்குப் பதிலாக ஒளியைப் பயன்படுத்தினார். பாதி வெள்ளி பூசிய கண்ணாடியால் ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்கொன்று செங்குத்தான பாதைகளில் அனுப்பி, மீண்டும் சேர்த்தார். சேருமிடத்தில் ஒளியும் இருளுமாக வரிகள் தோன்றும். ஒரு கற்றை சிறிது பிந்தினாலும் அவ்வரிகள் இடம் பெயரும். எதிர்பார்த்த வேறுபாடோ 10 கோடியில் ஒரு பங்கு அளவினது. 1881இல் ஜெர்மனியில் செய்த முதல் முயற்சியில், பெர்லின் நகரப் போக்குவரத்தின் அதிர்வே கருவியைக் குலைத்தமையால், அவர் அதை அமைதியான போட்ஸ்டாம் நகருக்குக் கொண்டு செல்ல நேர்ந்தது.

1887 ஜூலையில் அமெரிக்காவின் கிளீவ்லந்து நகரில், எட்வர்ட் மார்லி என்னும் வேதியியல் பேராசிரியருடன் சேர்ந்து அவர் ஆய்வை மீண்டும் நடத்தினார். சுமார் ஒன்றரை மீட்டர் சதுரமுள்ள கற்பாளத்தின்மீது கண்ணாடிகள் பொருத்தப்பட்டன. அக்கல் பாதரசத் தொட்டியில் மிதந்தது. ஒரு முறை தள்ளிவிட்டால் போதும். அதிர்வின்றி மெல்லச் சுழன்றுகொண்டே இருக்கும். கல்லுடன் கூடவே நடந்து, நிறுத்தாமல், ஒருவர் கண்ணால் வரிகளைப் பார்த்து அளவு சொல்ல வேண்டும். ஈதர்க் காற்று வீசுமாயின், கல் சுழலச் சுழல வரிகள் ஒரு வரியின் அகலத்தில் 0.4 பங்கு நகர வேண்டும். நண்பகலிலும் மாலையிலுமாகச் சில நாள்கள் அளந்தார்கள். கிடைத்த நகர்வு எதிர்பார்த்ததில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை.

நாம் ஆசிரியப் பணியில் இருந்த நாளில், புத்தகத்திலுள்ள விடை கிடைக்கவில்லையென்று அளவுகளை இரகசியமாகத் திருத்தி எழுதிய மாணவர்களைக் கண்டதுண்டு. மைக்கல்சனும் மார்லியும் ஈதரை நம்பியவர்கள். அதைக் காணவே முயன்றவர்கள். கிடைக்கவில்லை என்பதை, எத்துணைப் பங்கு கிடைக்கவில்லை என்ற கணக்குடன் அவ்வாண்டே வெளியிட்டார்கள்.

ஈதரைக் காப்பாற்றப் பலர் முயன்றனர். ஈதரில் நகரும் பொருள் நகரும் திசையில் சிறிது சுருங்கிவிடுகிறது, அதனால்தான் வேறுபாடு மறைந்தது என்று அயர்லாந்தின் ஃபிட்ஸ்ஜெரால்ட் 1889இலும், நெதர்லாந்தின் லோரன்ஸ் 1892இலும் கூறினர். 1905இல் சுவிட்சர்லாந்தின் காப்புரிமை அலுவலகத்தில் பணியாற்றிய 26 வயது ஐன்ஸ்டைன், சீராக இயங்கும் எவர் அளந்தாலும் ஒளியின் வேகம் ஒன்றே எனக் கொண்டால் ஈதரே தேவையில்லை என்று காட்டினார். லோரன்சின் கணக்கு நின்றது. அதற்குக் காரணமாகக் கூறப்பட்ட ஈதர் போயிற்று. மைக்கல்சன் அமைத்த அதே முறையில், 4 கிலோமீட்டர் நீளக் கரங்களுடன் அமெரிக்காவில் கட்டப்பட்ட கருவிகள் 2015 செப்டம்பர் 14ஆம் நாள் ஈர்ப்பலைகளை முதன்முறையாகக் கண்டறிந்தன.

1907இல் நோபல் பரிசு பெற்ற மைக்கல்சன், ஈதரை முற்றாகக் கைவிட மனமின்றியே இருந்தார். 1931இல் அவர் மறைந்தபோது, கலிபோர்னியாவில் காற்று நீக்கப்பட்ட ஒரு மைல் நீளக் குழாயினுள் ஒளியின் வேகத்தை மேலும் நுட்பமாக அளக்கும் அவரது பணி நடந்துகொண்டிருந்தது.