தானாக இறங்குகிற காய்ச்சல்

ஷார் பே வளர்ப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நாய்க்கு 105, 106 டிகிரி கொதித்து, மறுநாளே எழுந்து தட்டை நக்கினால், மருந்து கேட்டது என்று சந்தோஷப்படாதீர்கள். இந்த இனத்துக்கென்றே ஒரு பரம்பரைக் காய்ச்சல் உண்டு. மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பெரும்பாலும் ஒன்றரை நாளுக்குள் அதுவே இறங்கிவிடும். எங்கள் வள்ளிக்கு ஒரு வருஷத்துக்கு மேல் வீணாய்ப் போனது இதனால்தான்.

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில். கொல்லைக்கு மான் வரும், மானோடு உண்ணியும் வரும். காய்ச்சல் அடித்து, பின்னங்கால் மூட்டு வீங்கி நாய் நொண்டினால் இங்கே எந்த டாக்டருக்கும் முதலில் தோன்றுவது லைம் நோய். ரத்தம் எடுத்தார்கள், பாசிட்டிவ். டாக்ஸிசைக்ளின் கொடுத்தார்கள், மறுநாள் காய்ச்சல் போச்சு. கொஞ்ச நாளில் மறுபடி காய்ச்சல், மறுபடி டாக்ஸி, மறுபடி போச்சு. அந்த டாக்டர் கெட்டவர் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் ஜெயித்தது தன் மாத்திரைதான் என்று நம்பினார். அந்தப் பரிசோதனை காட்டுவது லைம் கிருமி எப்போதோ உடம்புக்குள் புகுந்ததற்கான எதிர்ப்பொருளை. இந்தப் பக்கம் ஆரோக்கியமாகத் திரிகிற எத்தனையோ நாய்களுக்கும் அது பாசிட்டிவ்தான். “ஷார் பே காய்ச்சலா இருக்குமோ?” என்று கேட்டேன். கூகுள் பார்த்துவிட்டு வந்துவிட்டேன் என்று சிரித்தார்.

அவர் ஒரு தடவைகூடக் கேட்காதது சிறுநீர். அழற்சி வரும்போதெல்லாம் கல்லீரல் சுரக்கிற ஒரு புரதம், அமிலாய்டாக மாறிச் சிறுநீரகத்தில் படியும். கொஞ்ச வயசிலேயே நாயைக் கொண்டுபோவது அநேகமாக அதுதான். காலையில் நீளக்காம்புக் குழம்புக் கரண்டியோடு நாய் பின்னால் போங்கள். பெட்டை நாய் உட்கார்ந்த பிறகு கரண்டியை நீட்டுங்கள். முன்னாடியே நீட்டினால் எழுந்து முறைக்கும். புரதம்–கிரியேட்டினின் விகிதம் பார்க்கச் சொல்லுங்கள். அது 0.5-ஐத் தாண்டியே நின்றால் சும்மா இருக்காதீர்கள். வள்ளிக்குத் தாண்டியிருந்தது.

குட்டி விற்றவரையும் விடுவதாயில்லை. மடிப்பு அதிகம் என்று கூடுதல் விலை வாங்கினார். 2011இல் வெளிவந்த ஆராய்ச்சி என்ன சொல்கிறது தெரியுமா? HAS2 என்கிற மரபணுவுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு டி.என்.ஏ. இரட்டித்துக் கிடக்கிறது, தோல் மடிப்பும் காய்ச்சலும் அந்த ஒரே இடத்தோடு சம்பந்தப்பட்டவை. மடிப்புக்குள் இருப்பது ஹையலூரோனிக் அமிலம், என் மனைவி முகத்தில் பூசுகிற க்ரீமில் இருக்கிற அதே சரக்கு. நாய்க்கு அது அளவுக்கு மேல் ஊறுகிறது. “எங்க வம்சத்துல காய்ச்சலே கிடையாது” என்றார் அவர். தாய் நாய் கிட்னி போய்ச் செத்தது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

வேறு டாக்டரிடம் போனோம். கொல்கிசின் ஆரம்பித்தார். மனிதர்களுக்கு இதேபோல் பரம்பரையாக வருகிற மத்தியதரைக்கடல் குடும்பக் காய்ச்சலுக்கு 1972 முதல் தெரிந்த மருந்து. அமெரிக்காவில் சில சென்ட்டுக்கு விற்றது, 2009க்குப் பிறகு மாத்திரை ஐந்து டாலர் அளவுக்கு ஏறிய கதை தனி. மச்சான் கணக்குப் போட்டு, இந்தக் காசுக்கு ஊரில் நாலு நாய் வாங்கலாம் என்றார். வாங்கட்டும். முதலில் வள்ளிக்கு வயிற்றால் போனது. அளவைக் குறைத்து மெதுவாக ஏற்றினோம். காய்ச்சல் அடியோடு நிற்கவில்லை, இடைவெளி நீண்டிருக்கிறது. சிறுநீர்க் கணக்கு மேலே ஏறவில்லை. எனக்கு அது போதும்.

மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும்: ஆசனவாய் வழியாகத் தெர்மாமீட்டர், தேதி, நேரம், உச்சச் சூடு எழுதிவைப்பது, வீங்கிய காலைப் போட்டோ எடுப்பது. வீட்டில் இருக்கிற இபுப்ரூஃபனை மட்டும் தொடாதீர்கள். அது நாயின் சிறுநீரகத்தையே கெடுக்கும்.

போன மாசம் குட்டி விற்றவர் போன் பண்ணினார், வள்ளியை ஈனவிட்டால் குட்டிக்கு ஆள் ரெடி என்று. அவளுக்குக் கருத்தடை ஆபரேஷன் ஆகிவிட்டது என்றேன். நல்ல மடிப்பை வீணாக்கிவிட்டேனாம்.